ஆலை இரண்டு மடங்காகிறது, உங்கள் ஆயிரம் பங்குக்கு எத்தனை பவுன்?

கிளிநொச்சியில் இருந்துகொண்டு கனடாத் தங்கக் கம்பனிகளைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வன்னியில் வெளிநாட்டில் ஒருவர் இல்லாத வீடு குறைவு. எங்கள் வீட்டுக்கு அது ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன். இரவு வேலை செய்து சேர்த்த காசில் ஒரு பகுதியை அண்ணா சின்னத் தங்கக் கம்பனி ஒன்றின் பங்கில் போட்டிருக்கிறார். பங்குனியில் ஒருநாள் அழைத்து, "தம்பி, ஆலையை ரெண்டு மடங்கு பெருப்பிக்கிறாங்களாம், வச்சிருக்கட்டோ, வித்துப்போடட்டோ?" என்று கேட்டார். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன், சுரங்கம் படித்தவன் அல்ல. ஆனால் சில வருடங்களுக்கு முன் இதே 'விரிவாக்கம்' என்ற சொல்லை நம்பி அவர் வாங்கிய இன்னொரு கம்பனியில் முக்கால்வாசிக் காசு போய்விட்டது. அன்றிலிருந்துதான் இந்த அறிக்கைகளை வரிவரியாக வாசிக்கத் தொடங்கினேன். அண்ணாவுக்கு மூன்று இரவு ஃபோனில் சொன்னதை, இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கம்பனி பெரிதாகும்போது, அது வருடத்துக்கு எடுக்கும் தங்கத்தில் உங்களிடம் இருக்கும் ஆயிரம் பங்குக்குரிய பவுன் கூடுகிறதா, குறைகிறதா என்று பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் இந்தக் கேள்விக்குள் வந்துவிடும்.

இங்கே இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் முதலிலேயே சொல்லவேண்டும். இலங்கையிலிருந்து வெளிநாட்டுப் பங்குகளில் முதலிட 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் விதிகள் இருக்கின்றன. வங்கியில் நேரே கேட்காமல் யாரோ ஒருவருடைய பெயருக்குக் காசு அனுப்பி வாங்காதீர்கள். நகையை ஈடு வைத்து வாங்கவே வேண்டாம். இடம்பெயர்ந்த காலத்தில் தாலிக்கொடியும் காப்பும்தான் எங்கள் சனத்துக்கு வங்கியாக இருந்தன, விற்றால் அன்றைக்கே அரிசியாக மாறின. தங்கக் கம்பனியின் பங்கு அப்படியான பொருள் இல்லை. அது கல்லைத் தோண்டி அரைக்கும் ஒரு தொழிலில் உங்களுக்கிருக்கும் துண்டு, தங்க விலை ஏறிக்கொண்டிருக்கும்போதே அது இல்லாமல் போகலாம்.

முதலில் அளவு

உலகச் சந்தையில் தங்கத்தை அவுன்ஸில் சொல்கிறார்கள். ஒரு அவுன்ஸ் 31.1 கிராம். எங்கள் பவுன் 8 கிராம் என்பதால் ஒரு அவுன்ஸில் நாலு பவுனுக்குச் சற்றுக் குறைவு. சுரங்கத்தில் கல்லின் தரத்தை ஒரு தொன்னுக்கு எத்தனை கிராம் என்று எழுதுவார்கள். தொன்னுக்கு 1 கிராம் என்றால் ஒரு பவுனுக்கு 8 தொன் கல் வேண்டும், ஆலையில் 90 சதவீதம்தான் பிடிபடும் என்றால் கிட்டத்தட்ட 9 தொன், அதாவது ஏறக்குறைய ஒரு டிப்பர் நிறையக் கல். இதை மனதில் வைத்துக்கொண்டால் அறிக்கையில் வரும் எந்த எண்ணும் உங்களை மிரட்டாது.

எதை வாசிப்பது

செய்திக்குறிப்பை வாசித்து முடிவெடுக்காதீர்கள், அது கம்பனி தன்னைப் பற்றித் தானே சொல்வது. கனடாவில் பட்டியலான கம்பனி என்றால் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்புகள் நடத்தும் செடார் பிளஸ் என்ற தளத்தில் எல்லா ஆவணமும் இலவசமாகக் கிடைக்கும். அதில் மூன்று போதும்: கடைசிக் காலாண்டு நிதியறிக்கை, அதோடு வரும் நிர்வாக விளக்கம், என்.ஐ. 43-101 என்று பெயர் கொண்ட தொழில்நுட்ப அறிக்கை. இந்த 43-101 விதி சும்மா வந்ததல்ல. இந்தோனேசியாவின் புசாங்கில் உலகின் மிகப் பெரிய தங்கப் படிவு கிடைத்துவிட்டதாகச் சொன்ன பிரீ-எக்ஸ் என்ற கல்கரிக் கம்பனியின் மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் கலந்திருந்தது 1997இல் அம்பலமானது, பல நூறு கோடி டொலர் பெறுமதி சில நாட்களில் ஒன்றுமில்லாமல் போனது. அதன் பிறகுதான் 2001இல் இந்த விதி வந்தது. அவுஸ்திரேலியாவில் இதே வேலையை ஜோர்க் என்ற விதித்தொகுப்பு செய்கிறது.

43-101 அறிக்கை நானூறு பக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம். பிரிவுகளின் இலக்கம் எல்லாக் கம்பனிக்கும் ஒன்றுதான். 13இல் கல்லிலிருந்து தங்கம் எவ்வளவு பிரிகிறது என்ற சோதனை, 14இல் வளம், 15இல் இருப்பு, 21இல் செலவு, 22இல் இலாபக் கணக்கு. ஏற்கெனவே தங்கம் எடுத்துக்கொண்டிருக்கும் கம்பனி 22ஆம் பிரிவை எழுதாமல் விடலாம் என்று விதியில் சலுகை உண்டு. ஆனால் உற்பத்தியைப் பெரிய அளவில் கூட்டும் விரிவாக்கத்தை அறிக்கை சொன்னால் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே பெரிய விரிவாக்கம் என்று பறைசாற்றிவிட்டு இலாபக் கணக்கை எங்கேயும் காட்டாத கம்பனி என்றால், நான் அதற்கு மேல் வாசிக்கவே மாட்டேன்.

விரிவாக்கம் என்றால் எதை?

அரைக்கும் ஆலையைப் பெருப்பிப்பதும் விரிவாக்கம், நிலத்துக்கடியில் புது வழி தோண்டுவதும் விரிவாக்கம், பக்கத்துக் காணியில் துளையிட்டுத் தேடுவதும் விரிவாக்கம், இன்னொரு கம்பனியை வாங்குவதும் விரிவாக்கம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான், ஆனால் காசு வரும் காலம் ஒன்றல்ல. தேடல் என்றால் பல வருடம், ஒன்றும் வராமலும் போகலாம். ஆலை என்றால் ஒன்றிரண்டு வருடத்தில் தெரிந்துவிடும். உங்கள் கம்பனி செய்வது எது என்று ஒரே வசனத்தில் எழுத முடியவில்லை என்றால் இன்னும் வாசிக்கவேண்டும்.

அரைக்க நெல் இருக்கிறதா?

பரந்தன் பக்கம் அரிசி ஆலை வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள், இயந்திரத்தைப் பெரிதாக்குவது கடினமா, வருடம் முழுக்க நெல் பிடிப்பது கடினமா என்று. காலபோக அறுவடையில் நெல் குவிந்து கிடக்கும், அதைப் பார்த்து லீசிங்கில் பெரிய இயந்திரம் எடுத்தால் மிச்ச மாதங்களில் ஆலை சும்மா நிற்கும், தவணை நிற்காது. தங்க ஆலையும் அப்படித்தான். ஆலையைக் காசு கொடுத்தால் கட்டித் தருவார்கள், கல்லை அப்படி வாங்க முடியாது.

இந்த இடத்தில் வளம், இருப்பு என்ற இரண்டு சொல்லையும் பிரித்து அறியவேண்டும். இரணைமடுவின் கீழ் உங்களுக்கு ஐந்து ஏக்கர் வயல் இருக்கலாம். ஆனால் சிறுபோகத்துக்குக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் இந்த முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். ஐந்து ஏக்கரும் வளம், தண்ணீர் பாய்ந்து விளைவது இருப்பு. தங்கத்தில், எடுத்தால் செலவு போக மிச்சம் வரும் என்று ஆய்வில் காட்டப்பட்ட பகுதிக்கு மட்டும்தான் இருப்பு என்று பெயர்.

வளத்துக்குள்ளும் தரம் இருக்கிறது. மெஷர்ட், இண்டிகேட்டட், இன்ஃபேர்ட் என்று மூன்று. கடைசியாகச் சொன்ன இன்ஃபேர்ட், துளைகள் ஒன்றுக்கொன்று தூரமாக இருக்கும்போது நடுவிலும் தங்கம் இருக்கும் என்று ஊகித்து எழுதுவது. பூநகரியில் குழாய்க்கிணறு அடித்தவர்களுக்கு இது புரியும்: ஒரு வளவில் நல்ல தண்ணீர், வேலிக்கு அந்தப் பக்கம் உப்பு. இரண்டு நல்ல கிணற்றுக்கு நடுவிலும் நல்ல தண்ணீர்தான் என்று எழுதிக் கையெழுத்து வைக்க யாரும் துணியமாட்டார்கள். பி.ஈ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆரம்ப ஆய்வில் இந்த இன்ஃபேர்ட் வளத்தையும் சேர்த்துக் கணக்குக் காட்ட விதி இடம் கொடுக்கிறது. முழுமையான பீசிபிலிட்டி ஆய்வில் அதைக் காசாக எண்ண முடியாது.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பதற்கு ஒன்ராறியோவின் ரெட் லேக்கில் நடந்ததைப் பாருங்கள். ரூபிக்கன் மினரல்ஸ் என்ற கம்பனி ஆரம்ப ஆய்வை மட்டும் வைத்துக்கொண்டு பீனிக்ஸ் என்ற சுரங்கத்தையும் ஆலையையும் கட்டியது. 2016 தொடக்கத்தில் வளத்தை மறுபடி கணித்தபோது, முன்பு சொன்ன 30 லட்சத்துக்கு மேற்பட்ட அவுன்ஸில் பத்தில் ஒன்பது பங்களவு இல்லை என்று ஆனது. அந்த வருடமே கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. ஆலை புதிது, பளபளவென்று நின்றது, போடக் கல் இல்லை. அதே ரெட் லேக்கில் பியூர் கோல்ட் என்ற இன்னொரு கம்பனி 2020 மார்கழியில் மட்சன் சுரங்கத்தில் முதல் தங்கத்தை வார்த்தது, எதிர்பார்த்த தரத்தில் கல் வரவில்லை, 2022 ஐப்பசியில் அதுவும் நீதிமன்றம் போனது. தங்கம் புதைந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டு நிலத்தைத் தோண்டுவது முல்லைத்தீவுப் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை, இருக்கிறது என்பதற்கும் கையில் வந்தது என்பதற்கும் உள்ள தூரம் எங்களுக்குத் தெரியும்.

செய்யவேண்டிய கணக்கு இது. இருப்பு அவுன்ஸை, விரிவாக்கத்துக்குப் பிறகு வருடத்துக்கு எடுக்கப்போகும் அவுன்ஸால் பிரியுங்கள். 6 லட்சம் அவுன்ஸ் இருப்பு, வருடம் 40,000 என்றால் 15 வருடம். உற்பத்தியை 80,000 ஆக்கினால் ஏழரை வருடம். இருக்கிற சோற்றை வேகமாகச் சாப்பிடுவதுதான் இது. காசு முன்கூட்டி வருவது நல்லதுதான், நிலையான செலவும் கூடுதல் அவுன்ஸில் பரவும், ஆனால் கம்பனி வளர்ந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். எட்டு வருடத்துக்குக் குறைவாக வந்தால், புதுக் கல் எங்கிருந்து வரும் என்ற பதிலை நான் அறிக்கையில் தேடுவேன்.

தரம் இறங்கினால்

அநேகர் தவறவிடுவது இதைத்தான். ஆலை சின்னதாக இருக்கும்போது சுரங்கத்தின் நல்ல கல்லை மட்டும் பொறுக்கிப் போடுவார்கள். ஆலை பெரிதானதும் வயிற்றை நிரப்ப இரண்டாந்தரக் கல்லும் போகும்.

ஒரு கற்பனைக் கம்பனியை எடுப்போம். ஒரு நாளைக்கு 1,000 தொன் அரைக்கிறது, தரம் தொன்னுக்கு 4 கிராம், பிடிபடுவது 92 சதவீதம். 1,000 × 365 × 4 × 0.92 என்று பெருக்கினால் வருடம் 13,43,200 கிராம், சுமார் 43,200 அவுன்ஸ். ஆலையை 2,000 தொன் ஆக்குகிறார்கள், தரம் 2.8 கிராமுக்கு இறங்குகிறது. இப்போது 18,80,480 கிராம், சுமார் 60,500 அவுன்ஸ். ஆலை இரண்டு மடங்கு, தங்கம் 40 சதவீதம்தான் கூடியது. தலைப்பில் இரண்டு மடங்கு என்று இருக்கும், தரத்தைக் கீழே ஒரு அட்டவணையில் போட்டிருப்பார்கள். அந்த அட்டவணையைத் தேடி எடுங்கள்.

13ஆம் பிரிவையும் ஒருமுறை பாருங்கள். புதுப் பகுதியின் கல்லில் தங்கம் சல்பைட் என்ற கந்தகத் தாதுக்குள் பூட்டிக் கிடந்தால் வழமையான சயனைட் கரைசலில் லேசில் கரையாது. பழைய கல்லின் 92 சதவீதத்தைப் புதுக் கல்லுக்கும் அப்படியே எழுதியிருந்தால், அதைச் சோதித்துப் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும்.

காசு யாருடையது?

ஆலைக்கு 8 கோடி டொலர் வேண்டும் என்று வைப்போம். கம்பனிக்கு இப்போது 10 கோடி பங்கு இருக்கிறது, ஒன்று 1 டொலர். 2 கோடி கடன் எடுத்து, மிச்சம் 6 கோடிக்குப் புதுப் பங்கு விற்கிறார்கள். வாங்குகிறவரை இழுக்க ஒவ்வொரு புதுப் பங்கோடும் அரை வாறண்டும் கொடுக்கிறார்கள், அதாவது பிறகொரு நாள் குறித்த விலைக்கு இன்னும் பங்கு வாங்கும் உரிமை. இப்போது பங்கு 16 கோடி. வாறண்டுகள் எல்லாம் பாவிக்கப்பட்டால் 19 கோடி.

இனிப் பவுனில் பார்ப்போம். முதலில் 13,43,200 கிராமை 10 கோடிப் பங்குக்குப் பிரித்தபோது, ஆயிரம் பங்குக்கு வருடம் 13.4 கிராம், அதாவது 1.68 பவுன். விரிவாக்கத்துக்குப் பிறகு 18,80,480 கிராமை 16 கோடிக்குப் பிரித்தால் 1.47 பவுன். வாறண்டையும் சேர்த்து 19 கோடிக்குப் பிரித்தால் 1.24 பவுன்.

ஆலை இரண்டு மடங்கு, உங்கள் ஆயிரம் பங்குக்குரிய தங்கம் கால்வாசிக்கு மேல் குறைந்துவிட்டது. அண்ணாவுக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை, முன்பு காசு போன கம்பனியில் நடந்தது இதுதான் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. தரம் இறங்காமல் 4 கிராமிலேயே நின்றிருந்தால் 19 கோடிக்குப் பிரித்தும் 1.77 பவுன் வரும், சின்ன நன்மை. வாறண்டைப் பாவிக்கும்போது கம்பனிக்கும் காசு வரும் என்பதையும் நியாயமாகச் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆனாலும் இந்தக் கணக்கைப் போடாமல் ஒரு பங்கையும் வைத்திருக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பங்கு எண்ணிக்கையை நிதியறிக்கையின் குறிப்புகளிலும் நிர்வாக விளக்கத்திலும் பாருங்கள், வாறண்டு போன்ற உரிமைகள் எல்லாம் பங்காக மாறினால் மொத்தம் எத்தனை என்ற எண்ணை எடுங்கள். மூன்று வருடத்துக்கு முந்திய எண்ணோடு ஒப்பிடுங்கள். சில கம்பனிகள் பத்துப் பங்கை ஒன்றாக்கி எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியிருக்கும், அதையும் திருத்திக் கணக்கிடவேண்டும். கடன் என்றால் வட்டியை மட்டும் பார்க்காதீர்கள், எப்போது திருப்பிக் கட்டத் தொடங்கவேண்டும் என்று பாருங்கள். ஆலை ஓடத் தொடங்குவதற்கு முன்னரே தவணை தொடங்கினால் அது கெட்ட அடையாளம். ஸ்ட்ரீமிங் என்று இன்னொரு வழி: இன்றைக்குக் காசு வாங்கிக்கொண்டு, எடுக்கும் தங்கத்தில் ஒரு பகுதியைச் சந்தை விலைக்கு மிகக் கீழே காலம் முழுக்கக் கொடுப்பதாக எழுதிவைப்பது. வயல் விதைக்கமுன்னரே நெல்லுக்கு விலை பேசிக் காசு வாங்கியவர்களுக்கு இதன் வலி தெரியும். அப்படிப் போகும் அவுன்ஸை உங்கள் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது, பழைய ஆலை ஓடி வந்த இலாபத்தில் பாதிக்கு மேலாவது போட்டுக் கட்டும் கம்பனி, படிப்படியாகப் போகும் கம்பனி. பப்புவா நியூகினியின் கைனாண்டுவில் கே92 மைனிங் அப்படிப் போனது. வருடம் 2 லட்சம் தொன் அரைக்கும் பழைய ஆலையைத் திருத்தி ஓட்டி, பிறகு 4 லட்சம், அதற்குப் பின் 12 லட்சம் தொன்னுக்கான திட்டம். வாங்கச் சொல்லவில்லை, படியேறும் முறையைக் காட்டுகிறேன்.

செலவு எண்ணில் மறைந்திருப்பது

எல்லாக் கம்பனியும் ஏ.ஐ.எஸ்.சி. என்று ஒரு எண் சொல்லும், ஒரு அவுன்ஸ் எடுக்க ஆகும் மொத்தச் செலவு என்று நினைக்க வைக்கும். உலகத் தங்கப் பேரவை 2013இல் கொண்டுவந்த இந்த அளவில் வருமான வரி இல்லை, கடன் வட்டி இல்லை, முக்கியமாக விரிவாக்கத்துக்குப் போடும் காசும் இல்லை. ஆகவே விரிவாக்கக் காலத்தில் அந்த எண் அழகாகத் தெரியும், வங்கிக் கணக்கோ காலியாகிக்கொண்டிருக்கும். காசோட்ட அறிக்கையில் கையிருப்பு ஒவ்வொரு காலாண்டும் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

விலையையும் கீழிறக்கிப் பார்க்கவேண்டும். 2011இல் அவுன்ஸ் 1,900 டொலரைத் தொட்ட தங்கம் 2015 கடைசியில் 1,100க்கும் கீழே போனது. செலவு 1,500, விலை 2,000 என்றால் மிச்சம் 500. விலை 10 சதவீதம் இறங்கி 1,800 ஆனால் மிச்சம் 300, அதாவது 40 சதவீதம் போய்விடும். 22ஆம் பிரிவில் விலை மாறினால் என்ன ஆகும் என்ற அட்டவணை இருக்கும், அதில் விலை மிகக் குறைந்த வரிசையை வாசியுங்கள்.

ஒரே சுரங்கம்

சின்னக் கம்பனிக்கு அநேகமாக ஒரு சுரங்கம்தான். கனடாவின் யூகோனில் ஈகிள் சுரங்கத்தை வைத்திருந்த விக்டோரியா கோல்ட், வருடம் இரண்டரை லட்சம் அவுன்ஸ் என்ற இலக்கோடு புரொஜெக்ட் 250 என்று விரிவாக்கம் பேசிய கம்பனி. 2024 ஆனி 24ஆம் திகதி தங்கத்தைக் கரைத்தெடுக்க அது குவித்திருந்த கல்மேட்டில் சரிவு ஏற்பட்டது, ஆவணியில் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது, பங்குக்காரருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நாடும் அப்படித்தான். புர்கினா பாசோவில் 2024இல் இரண்டு சுரங்கங்களை அரசு எடுத்துக்கொண்டது. இதற்குக் கணக்கு இல்லை, இப்படியான பங்கு மொத்தச் சேமிப்பில் எவ்வளவு என்பதைக் குறைவாக வைப்பதுதான் வழி. இருபதில் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று அண்ணாவிடம் சொன்னேன்.

வைத்திருப்பதென்றால்

கொப்பியில் மூன்று எண் எழுதுங்கள்: ஆலை எந்த மாதம் எத்தனை தொன் ஓடும் என்று சொன்னார்கள், தரம் எவ்வளவு, பங்கு எண்ணிக்கை எவ்வளவு. ஒவ்வொரு காலாண்டும் உண்மையில் வந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். கனடாவில் சின்னக் கம்பனிகளுக்கான வென்ச்சர் சந்தையில் இருக்கும் கம்பனிகள் காலாண்டு முடிந்து 60 நாளுக்குள் அறிக்கை கொடுக்கவேண்டும், அந்தத் திகதியைக் குறித்து வையுங்கள். ஒரு காலாண்டு பிந்தினால் பொறுக்கலாம், புது ஆலைக்கு அது வழமை. தரம் இரண்டு காலாண்டு தொடர்ந்து கீழே வந்தால், அல்லது விரிவாக்கம் முடியமுன் இரண்டாம் முறை பங்கு விற்றால், நான் விற்றுவிடுவேன், வாங்கிய விலையை நினைத்துக்கொண்டு இருக்கமாட்டேன்.

இயக்குநர்கள் தங்கள் சொந்தக் காசில் சந்தையில் பங்கு வாங்குகிறார்களா என்று செடி என்ற தளத்தில் பார்க்கலாம். இலவசமாகக் கிடைத்த பங்கை வாங்கினதாக எண்ணாதீர்கள்.

அண்ணாவின் கம்பனிக்கு இதே கணக்கைப் போட்டோம். ஆயிரம் பங்குக்கு வந்தது கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் புதுக் கல்லில் பெரும்பகுதி இன்ஃபேர்ட். அவர் பாதியை விற்று முன்பிருந்த கடனட்டைக் கடனைக் கட்டினார், பாதியை வைத்திருக்கிறார். மூன்று எண்ணையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருப்பதாக அண்ணி சொன்னார். ஆவணிக் கடைசியில் அடுத்த அறிக்கை வருகிறது, வந்த இரவே இரண்டு பேரும் ஃபோனில் இருந்து பார்ப்போம்.